பெங்களூர் மேஸ்திரி

வருகிற தை மாதம் அப்பாவுக்குத் தலைத்திதி. பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊரில் அவர் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. ‘பெங்களூர் மேஸ்திரி’ என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ‘நல்ல உழைப்பாளி’ என்றார்கள். அந்த வார்த்தையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் தாத்தா என்ன வேலை செய்தார், அதில் அவருக்கு என்ன தெரியும் என்று பேரப் பிள்ளைகள் கேட்டால் சொல்ல ஆளில்லை. அவர் எழுப்பிய சுவர்களுக்குள் இன்று யார் யாரோ குடியிருக்கிறார்கள்; எந்தச் சுவரிலும் அவர் பெயர் கிடையாது. அதனால் அவருடைய கைவேலையையும் கணக்கையும் தெரிந்த மட்டும் எழுதிவைக்கிறேன்.

அவர் ஊரை விட்டதற்குக் காரணம் எங்கள் பக்கத்துக் காடுதான். மானாவாரி நிலம். ஆடிப் பட்டத்தில் நிலக்கடலை, கேழ்வரகு, ஊடே அவரையும் துவரையும். மழை கொடுத்தால் கார்த்திகைக்குள் எல்லாம் களம் ஏறிவிடும். அப்புறம் அடுத்த ஆடி வரைக்கும் காட்டில் ஆளுக்கு வேலை இல்லை. 1965-ல் சேலம் ஜில்லாவிலிருந்து தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. தொழிற்சாலைகள் வந்தது ஓசூரில், அதுவும் 2004-ல் தனியாகப் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு போய்விட்டது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர்க்காரர்களுக்குப் பெங்களூர் பஸ்தான் தொழிற்சாலை. தர்மபுரியில் ஏறினால் கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி ஒரு பகலுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். எழுபதுகளின் கடைசியில், மீசை முளைக்காத வயதில், சொந்தக்காரர் ஒருவர் பின்னால் அப்பா போனார். ஆடிப் பதினெட்டுக்கும் பொங்கலுக்கும் வருவார். மற்ற நாளெல்லாம் அங்கேதான்.

போன உடனே யாரும் கரணையை, அதாவது கலவையை எடுத்துப் பூசும் கருவியை, கையில் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் மணல் சலிப்பு, தண்ணீர் சுமப்பது, செங்கல் நனைப்பது. பிறகு கலவை போடுவது, பாண்டுச் சட்டியில் அள்ளி மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. பெரியாள் ஆனபின் சாரம் கட்டுவது. மதியம் கொத்தனார் சாப்பிடப் போகும் அரைமணி நேரத்தில், மீந்த கலவையைக் கொண்டு எங்காவது மறைவாக இரண்டு வரிசை வைத்துப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். அப்பா பழகியதெல்லாம் செப்டிக் டேங்குக்குள். மண் மூடிவிடும் சுவர் என்பதால் கோணினாலும் யாரும் திட்ட மாட்டார்கள். இப்போது ஆறு மாதத்தில் கொத்தனார் ஆகிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் கலவை போட்டுப் பழகாத கொத்தனாருக்குத் தன் சித்தாள் எதைக் கலந்து தருகிறார் என்பது தெரியாமலே போய்விடுகிறது. அப்பா கரணையில் எடுக்கும்போதே சொல்லிவிடுவார்: ‘மணல் ஒரு பொட்டி கூடிப்போச்சு, கரணையில ஒட்டல பாரு.’

பெட்டி என்றால் மூட்டைக் கணக்குக்கு அடித்த மரப்பெட்டி. ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ, அளவில் ஒன்றேகால் கன அடி. அதனால் பெட்டியின் உள்ளளவு ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். ஒன்றுக்கு ஐந்து என்றால் ஒரு மூட்டைக்கு ஐந்து பெட்டி மணல். சட்டிக் கணக்கில் கலந்தால் காலையில் குவித்து அள்ளுவார்கள், சாயங்காலம் கை ஓய்ந்து தலைதட்டி அள்ளுவார்கள். ஒரே சுவரில் இரண்டு தரம் வந்துவிடும். ஈர மணலில் இன்னொரு விஷயம் உண்டு. லேசாக நனைந்த மணல் உப்பிக்கொள்ளும். காய்ந்த மணலைவிடக் கால்வாசி வரைக்கும் அளவு கூடுதலாகக் காட்டும். மழைக்காலத்தில் ஐந்து பெட்டி போட்டால் உண்மையில் நாலு பெட்டி மணல்தான் விழுந்திருக்கும். சிமெண்ட் மிஞ்சிப்போன பூச்சு காயும்போது மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். அதனால் ஈர மணல் என்றால் ஆறு பெட்டி போடச் சொல்வார். சிமெண்ட் அதிகம் போட்டால் கெட்டி என்று நினைக்கும் வீட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அவர் ரொம்பப் பாடுபட்டிருக்கிறார்.

ஊரில் செங்கல், பெங்களூரில் சாலிட் பிளாக் என்கிற சிமெண்ட் கல். இரண்டுக்கும் தண்ணீர் விஷயத்தில் நேர்மாறான முறை. இங்கிருந்து போகிற கொத்தனார்கள் முதலில் தவறு செய்வது இந்த இடத்தில்தான். செங்கல்லைத் தொட்டியில் போட்டு, குமிழி வருவது நிற்கும்வரை ஊறவிட வேண்டும். இல்லாவிட்டால் அது கலவையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். கலவை இறுகாமல் வெறும் மணலாக நிற்கும். பத்து வருஷம் கழித்து ஆணியால் கீறினால் பொலபொலவென்று கொட்டுவது அந்தச் சுவர்தான். சிமெண்ட் பிளாக்கை ஊறவைக்கவே கூடாது. ஊறினால் பருத்து, சுவரில் உட்கார்ந்தபின் காய்ந்து சுருங்கும். சுருங்கினால் நேர் விரிசலோ படிக்கட்டு விரிசலோ நிச்சயம். வைக்கும் முகத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். வார்த்து நாலு வாரம் ஆகாத பச்சைப் பிளாக்கை லாரியிலிருந்து இறக்கவே அவர் விடமாட்டார். ஆறு அங்குலப் பிளாக் ஒன்று 25 கிலோவுக்கு மேல் இருக்கும். நாள் முழுக்க அதைத் தூக்கி வைத்தவர்களின் இடுப்பு ஐம்பது வயதுக்கு மேல் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பார்க்கலாம்.

எந்தச் சுவராக இருந்தாலும் ஒரு நாளைக்கு ஐந்தடிக்கு மேல் ஏற்ற மாட்டார். கீழே உள்ள கலவை இறுகுவதற்குள் மேலே பாரம் ஏறினால் சுவர் தொப்பை போட்டுவிடும். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்றுக்கு ஆறு, நாலரை அங்குலச் சுவருக்கு ஒன்றுக்கு நாலு. நாலரை அங்குலச் சுவரில் மூன்றடிக்கு ஒருமுறை, இரண்டு கம்பி போட்டு மூன்று அங்குலக் கான்கிரீட் பட்டை. ‘பட்டையில்லாச் செவுரு கதவை அடிச்சாவே ஆடும்’ என்பார்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பூச்சு வேலை. ஒரு சுவரை அவர் பூசும் முறையை வரிசையாகச் சொல்கிறேன். முதல் நாளே இணைப்புகளைக் கம்பியால் அரை அங்குல ஆழம் சுரண்டிவிடுவார். கான்கிரீட் தூண், உத்தரம் இருக்கும் இடமெல்லாம் கொத்திவிட வேண்டும். வழவழப்பான கான்கிரீட்டில் பூச்சு பிடிக்காது. தூணும் சுவரும் சேரும் கோட்டில் கோழிவலையை இரண்டு பக்கமும் நாலைந்து அங்குலம் வருகிற மாதிரி ஆணியடித்துவிடுவார். அந்த இடத்தில் விரிசல் விடாத வீடே அபூர்வம். தூணும் சுவரும் ஒரே அளவில் சுருங்குவதில்லை, ஒரே அளவில் சூடாவதும் இல்லை. இரண்டின் இழுபறியை வலைதான் தாங்கிக்கொள்ளும். சாயங்காலம் சுவரை நன்றாக நனைத்துவிட்டுப் போவார். மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தால் ஈரம் உள்ளே இருக்கும், மேலே தண்ணீர் பளபளக்காது. அதுதான் பதம்.

அப்புறம் மட்டப்புள்ளி. சுவரில் ஆறடிக்கு ஒன்றாக, உள்ளங்கை அளவுக் கலவையை அப்பி, அதில் உடைந்த ஓட்டுத் துண்டைப் பதித்து, மேலிருந்து தூக்குக்குண்டு விட்டுச் சரிபார்ப்பார். குண்டு விட்டதும் பேச்சு நின்றுவிடும். நூல் ஆடுவது நிற்கும்வரை சித்தாளும் சட்டியோடு காத்திருக்க வேண்டும். மேல்புள்ளியும் கீழ்ப்புள்ளியும் நூலுக்கு ஒரே இடைவெளியில் இருந்தால், இரண்டுக்கும் நடுவில் கலவையால் ஒரு பட்டி. பட்டிகள் லேசாக இறுகியதும் இடையில் கலவையை அடிக்க வேண்டும். தடவக் கூடாது, கரணையிலிருந்து வீசி அடிக்க வேண்டும். தடவினால் உள்ளே காற்று நிற்கும், பிறகு தட்டிப் பார்த்தால் டொக்கு டொக்கென்று பொள்ளல் சத்தம் கேட்கும். மட்டப்பலகையைப் பட்டிகளின் மேல் வைத்துக் கீழிருந்து மேலாக இழுத்தால் மிச்சக் கலவை வழித்துக்கொண்டு வரும், பள்ளம் தெரியும். பள்ளத்தில் மறுபடி அடித்து மறுபடி இழுத்து, கடைசியில் பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் மணியாசுக் கட்டை. புதுக் கட்டை என்றால் ஓரம் பூச்சில் கோடு கோடாக விழும் என்பதால் சொரசொரப்பான தரையில் தேய்த்து ஓரத்தை மழுக்கிய பிறகே தொடுவார்.

உள்சுவருக்கு அரை அங்குலக் கனம், ஒன்றுக்கு ஐந்து. வெளிச்சுவருக்கு முக்கால் அங்குலம், ஒன்றுக்கு நாலு. சுவர் கோணலாக இருந்து ஒன்றரை அங்குலம் பூச வேண்டியிருந்தால் ஒரே மூச்சில் பூசவே மாட்டார். தன் பாரத்தாலேயே கலவை சறுகி இறங்கி, குறுக்கே வாய் பிளக்கும். முதல் கோட்டைப் பூசிக் கீறிவிட்டு, மறுநாள் இரண்டாவது கோட் போட வேண்டும். ஈரம் சீக்கிரம் இழுக்கட்டும் என்று பூச்சின் மேல் வெறும் சிமெண்ட்டைத் தூவித் தேய்ப்பது பல இடங்களில் நடக்கும் வழக்கம். அவரிடம் வேலை பார்த்தவர்கள் செய்யத் துணியாத காரியம் அது. மேலே சிமெண்ட் தோல் ஒன்று தனியாகக் காய்ந்து, ஒரு வருஷத்தில் சிலந்திவலை மாதிரி வெடிப்பு காட்டிவிடும். பெயிண்ட் அடித்தாலும் மறையாது. தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் தாண்டிய கலவையை, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கிளறி ஓட்டுவதையும் அவர் அனுமதித்ததில்லை. அதற்காகத்தான் ஒரே நேரத்தில் ஒரு மூட்டைக்கு மேல் நனைக்க விடமாட்டார்.

முடிந்த மறுநாளிலிருந்து ஏழு நாள், கலப்புச் சிமெண்ட் என்றால் பத்து நாள், காலையும் மாலையும் தண்ணீர். இந்தப் பத்து நாளைக் கணக்கில் சேர்க்காமல் கிரகப்பிரவேசத் தேதி குறிக்கிறவர்களோடுதான் அவருக்கு எப்போதும் தகராறு. மேற்கு வெயில் அடிக்கும் சுவரைக் கடைசியாக, அதுவும் நிழல் விழுந்தபின் பூசுவார்.

மூலை செங்கோணமாக வர அவர் நம்பியது மூன்று, நாலு, ஐந்து. மூலையிலிருந்து ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி அளந்து புள்ளி வைத்தால் குறுக்கே சரியாக ஐந்தடி வர வேண்டும். பெரிய அறைக்கு ஆறு, எட்டு, பத்து. எண் பெரிதாக ஆகப் பிழை சிறிதாகும். அறை முழுக்கச் சரியா என்று பார்க்க இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து சமமா என்று பார்ப்பார். பேத்தி ஒன்பதாம் வகுப்பில் பித்தாகரஸ் படித்தபோது அதைத் திண்ணையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டியது அவர்தான். தளமட்டத்துக்கு டியூப் மட்டம். வெள்ளைக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் பார்ப்பது எளிது போலத் தெரியும். குழாயின் நடுவில் ஒரு காற்றுக் குமிழி நின்றாலோ, யாராவது குழாயை மிதித்துக்கொண்டிருந்தாலோ, ஒரு முனையைக் கட்டைவிரலால் மூடியிருந்தாலோ காட்டும் மட்டம் பொய். முதலில் இரண்டு முனையையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பிடித்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு, ஓர் உருண்டை நூல். ஊருக்கு வந்தாலும் இந்த நாலும் மஞ்சப்பையில் கூடவே வரும். கையில் இவை இருந்தால் எந்த ஊரில் இறங்கினாலும் மறுநாள் கூலி உண்டு. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் மேல் கலவரம் வெடித்ததே, அப்போது குடிசையோடு பாத்திரம் பண்டமெல்லாம் விட்டுவிட்டு ஓசூர் எல்லை வரை நடந்தும் லாரி ஏறியும் வந்தவர்களில் அவரும் ஒருவர். பையை மட்டும் விடவில்லை. பொங்கல் கழிந்து திரும்பிப் போனார். பாதியில் நின்ற சுவரும் வரவேண்டிய வாரக் கூலியும் அங்கேதானே இருந்தன. அந்தக் கூலி கடைசிவரை வரவில்லை.

தங்குவது வேலை நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகை. பதினைந்து பேருக்கு ஒரே சமையல். சாயங்காலம் களி இல்லாவிட்டால் தர்மபுரிக்காரனுக்கு வயிறு நிறையாது. அப்பா கிண்டும் களிக்கு அந்தக் கொட்டகைகளில் பெயர் உண்டு. ஒரு டம்ளர் கேழ்வரகு மாவுக்குக் கால் டம்ளர் அரிசி நொய், மூன்று டம்ளர் தண்ணீர். நொய்யை முதலில் குழைய வேகவிட்டு, தளதளவென்று கொதிக்கும்போது மாவை நடுவில் குவியலாகக் கொட்ட வேண்டும். கொட்டியதும் கிளறினால் உள்ளே வேகாத மாவு கட்டி கட்டியாக நின்றுவிடும். துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி மட்டும் போட்டு, தீயைக் குறைத்து, மூடி வைக்க வேண்டும். குழி வழியாகக் கொதி மேலே வந்து மாவின் நிறம் அடர்ந்தபின், பாத்திரத்தைக் காலால் அண்டக் கொடுத்து இரண்டு கையாலும் கிண்ட வேண்டும். ஈரக் கையால் தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது. தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல், அவரைக்கொட்டைக் காலத்தில் அதன் குழம்பு. கன்னடக்காரக் கொத்தனார்களுக்கும் அதே கேழ்வரகுதான் உயிர் என்பதால் சாப்பாட்டு நேரத்தில் மொழி ஒரு தடையாக இருந்ததில்லை.

அவர் கைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விரல் நுனிகளில் ரேகையே இல்லை. ஆதார் எடுக்கப் போனபோது மிஷின் பலமுறை திருப்பி அனுப்பிவிட்டது. ஈரச் சிமெண்ட் கடுமையான காரத்தன்மை கொண்டது. தோலின் எண்ணெயைத் தின்று, வெடிக்கவிட்டு, வெடிப்புக்குள் புகுந்து புண்ணாக்கும். அதில் இருக்கும் குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். அது ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் கொஞ்சம் சிமெண்ட் பட்டாலும் அரிக்கும். அவர் காலையில் வேலைக்கு முன்பும் ராத்திரியும் விளக்கெண்ணெய் தடவுவார். ஆறுதல்தானே தவிர அது மருந்து ஆகாது. இன்று வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது: ரப்பர் கையுறை போடுங்கள், கையுறைக்குள்ளோ பூட்ஸுக்குள்ளோ கலவை புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கழுவுங்கள், கலவைத் தொட்டித் தண்ணீரில் கழுவாமல் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உள்ளே மாட்டிய கலவை சாயங்காலத்துக்குள் தீப்புண் மாதிரி ஆக்கிவிடும். கண்ணில் தெறித்தால் கசக்காமல் குறைந்தது கால் மணி நேரம் தண்ணீர் விட்டு அலசிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொரு அடையாளம் பல். பெங்களூரில் புது ஆள் சிரித்தால் ‘தர்மபுரியா?’ என்று கேட்டுவிடுவார்கள். எங்கள் பக்கத்துக் கிணற்றிலும் போர்வெல்லிலும் ஃப்ளோரைடு அதிகம். எட்டு வயதுக்குள் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் நிரந்தரப் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழுந்துவிடும். தேய்த்தால் போகாது. அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைப்பதிலும் பயனில்லை. தண்ணீர் வற்ற வற்ற ஃப்ளோரைடு கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கப்புறம் பிறந்த பேரப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்து அவர் பட்ட சந்தோஷம் கொஞ்சமில்லை.

ஊரில் எங்கள் வீட்டை அவர் தவணை தவணையாகக் கட்டினார். வெளியூர் போய்ச் சம்பாதிக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான்; ஒரு வருஷம் அஸ்திவாரம், இரண்டு வருஷம் கழித்துச் சுவர், அப்புறம் தளம். இடையில் நிறுத்திவைக்கத் தெரியாமல்தான் பல வீடுகள் பாழாகின்றன. அவர் நிறுத்தியது பிளிந்த் பெல்ட், அதாவது அஸ்திவாரத்தின் மேல் சுற்றிலும் ஓடும் கான்கிரீட் பட்டை, போட்ட மட்டத்தில். அஸ்திவாரத்தைப் பாதியில் விட்டால் மழைத்தண்ணீர் குழியில் தேங்கி அடிமண் இளகிவிடும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் இரண்டு கோட் அடித்து, அதன்மேல் வலுக் குறைந்த கான்கிரீட்டை மொத்தையாகப் பூசி மூடினார். தொடரும்போது அதை உடைத்து எடுத்து, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, கம்பி மெலிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே புதுக் கம்பி கட்டினார். ஒன்றோடொன்று சேரும் நீளம் கம்பியின் விட்டத்தைப்போல 50 மடங்கு. 12 மில்லி கம்பிக்கு இரண்டடி. நிறுத்தும்போதே இந்த நீளம் வெளியே இருக்கிற மாதிரி விட வேண்டும். பணம் மிச்சம் என்று அரையடியில் வெட்டிவிட்டு, பிறகு வளையம் போட்டுக் கட்டும் தூண்களைப் பார்த்தாலே அவருக்குக் கோபம் வரும்.

சுவரின் தலையை ஒன்றுக்கு ஆறு கலவையில் சரிவாகப் பூசி மூடினார். மூடாத சுவரில் தண்ணீர் இணைப்பு வழியே இறங்கும், ஆலஞ்செடி முளைக்கும். செங்கல்லைச் சூளை எரியும் கோடையில் வாங்கிவைத்தார். கம்பியைக் கட்டைமேல் தரைபடாமல் அடுக்கிவைத்தார். சிமெண்ட் மட்டும் முன்கூட்டி ஒரு மூட்டைகூட வாங்கமாட்டார். மூன்று மாதம் தாண்டினால் வலு குறைந்துவிடும். மழைக்காலமானால் அதற்கும் முன்பே. இருக்கும் மூட்டையையும் பலகைமேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, பத்துக்கு மேல் அடுக்காமல் வைக்க வேண்டும்.

இனி நோட்டுக் கணக்கு. மேஸ்திரி ஆனபின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நீளவாட்டு நோட்டு. ஒரு பக்கம் ஆட்களின் பெயர், எதிரே திங்கள் முதல் சனி வரை கட்டம். முழு ஆளுக்கு ஒன்று, அரை ஆளுக்கு அரை, ராத்திரி கான்கிரீட் நடந்தால் ஒன்றரை. ஓரத்தில் வாங்கிய அட்வான்ஸ், சமையல் செலவு. சனிக்கிழமை சாயங்காலம் எல்லோர் எதிரிலும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பணம். மறுபக்கம் அவருக்கும் கான்ட்ராக்டருக்கும் உள்ள கணக்கு, சதுரத்தில். நூறு சதுர அடி ஒரு சதுரம். அரை அங்குலப் பூச்சு ஒரு சதுரத்துக்குச் சுமார் ஒரு மூட்டை சிமெண்ட் பிடிக்கும் என்று வைத்து, சிமெண்ட் செலவையும் வேலையின் அளவையும் அவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். மூட்டை அதிகமாகப் போயிருந்தால் சுவர் கோணல், அல்லது திருட்டு. ஜன்னல், கதவு இடங்களைக் கழிப்பதில்தான் மேஸ்திரிகள் ஏமாறுவார்கள். ஜன்னலின் பக்கவாட்டு, மேல், கீழ் ஓரங்களைப் பூச நேரம் அதிகம் ஆகும். ஆனால் அளக்கிறவர் துவாரத்தை முழுசாகக் கழித்துவிட்டு ஓரத்தைச் சேர்க்க மறந்துபோவார். ஓரங்களை அடியில் அளந்து தனி வரியாக எழுதிவைப்பது அப்பாவின் பழக்கம்.

அந்த நோட்டுகளில் எல்லோர் பெயரும் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. அவர் கூலி ஆள்கணக்கில் வராமல் சதுரக் கணக்கின் மிச்சத்தில் வந்ததால், தன் பெயரைக் கட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தினமும் சாரத்தில் ஏறிப் பூசியவர்தான். காகிதத்தில் அவர் தொழிலாளியாக இல்லை.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லேயே வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1996-ல் வந்தது. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் செஸ் என்ற வரி வசூலித்து அதிலிருந்து ஓய்வூதியம், விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி. சட்டப்படி, வாரியத்தில் பதிவு செய்ய வயது 18-லிருந்து 60-க்குள் இருக்க வேண்டும், கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும். 60 வயது ஆவதற்கு முன் தொடர்ந்து மூன்று வருஷமாவது பதிவில் இருந்தால்தான் அதற்கப்புறம் பலன். எங்கள் பக்கத்து ஆட்கள் இந்த 90 நாளில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வேலை கர்நாடகத்தில், ரேஷன் கார்டு தர்மபுரியில். இங்கே கேட்டால் ‘அங்கே வேலை செய்ததற்கு அங்கே வாங்கிவா’ என்பார்கள். அங்கே கட்டடம் முடிந்ததும் கான்ட்ராக்டர் போன இடம் தெரியாது. அப்பா தன் ஆட்கள் பலருக்கு அலைந்து எழுதி வாங்கிக் கொடுத்தார். தனக்கு எழுதித் தர மேலே ஆள் இல்லாமல் நாளைக் கடத்தி, 60 தாண்டியபின் போய் நின்றார். ஓய்வூதியம் கிடைக்கவில்லை.

இதைப் படிக்கும் மேஸ்திரிகள் இந்த வாரத்திலிருந்தே நோட்டின் முதல் வரியில் தங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் இடத்தின் முகவரி, வீட்டுக்காரர் அல்லது கம்பெனியின் பெயர், தொடங்கிய தேதி, முடிந்த தேதி எல்லாம் அட்டையில் இருக்கட்டும். கட்டடம் முடிவதற்குள் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தபின் யாரும் போட மாட்டார்கள். கூலியில் ஒரு பகுதியாவது வங்கிக் கணக்கில் வரட்டும், அது பின்னால் சாட்சி. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் இ-ஷ்ரம் பதிவு 16 வயதிலிருந்து 59 வயது வரைதான். அதற்கு எந்த மாநிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, ஆதாரும் வங்கிக் கணக்கும் போதும். நல வாரிய அட்டையைப் புதுப்பிக்கும் தேதியைப் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதே பார்த்துவிடுங்கள். அட்டை பெட்டியில் பத்திரமாக இருக்கும், பதிவு காலாவதியாகிப் போயிருக்கும்.

அப்பாவிடம் வேலை பார்த்தவர்களில் பலருக்கு இப்போது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். 1996-லிருந்து அவர் எழுதிய நோட்டுகள் அனேகமாக எல்லாம் வீட்டில் இருக்கின்றன. சிலதில் கரையான் அரித்திருக்கிறது, எழுத்து படிக்க முடிகிறது. உங்கள் பெயரும் நாள்கணக்கும் அதில் இருந்தால், வேலை வரலாற்றைக் காட்ட நகல் எடுத்துத் தருகிறேன். வரும்போது எந்த ஊர், எந்த வருஷம், எந்தக் கட்டடம் என்று முடிந்தவரை ஞாபகப்படுத்திக்கொண்டு வாருங்கள். அவர் ஆட்களைப் பட்டப்பெயரில்தான் எழுதியிருக்கிறார். ஒரே நோட்டில் மூன்று ‘சின்னவன்’ இருக்கிறார்கள்.